புகழும் உரிமையும்: ஜொகூர் நீரிணையின் இரு கரைகளில் கலைஞர் வாழ்வு

தமிழில் ‘உரிமை’ என்னும் சொல் இரு நிலைகளில் வழங்கி வருகிறது. ஒன்று சட்டம் தரும் உரிமை. நிலத்தின் மீதோ பாட்டின் மீதோ உழைத்த கூலியின் மீதோ ஒருவர் வழக்காடி நிலைநாட்டிக்கொள்ளக் கூடியது. மற்றொன்று உறவு தரும் உரிமை; தாய்மாமன் மருமகளைக் கண்டிப்பதும், அண்டை வீட்டுப் பெண்மணி ‘ஏன் இப்படி இளைத்துவிட்டாய்’ என்று கேட்பதும், கேட்கப்பட்டவர் அதைக் குற்றமாகக் கொள்ளாததும் இந்த இரண்டாம் உரிமையால்தான். திரை, இசை, தொலைக்காட்சி ஆகிய பொழுதுபோக்குத் துறைகளில் ஒருவர் புகழ்பெறும்போது அவரைப் பற்றிய இவ்விரு உரிமைகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறர் கைக்குப் போகின்றன. சட்ட உரிமை ஒப்பந்தத்தின் வழியே நிறுவனத்தைச் சேர்கிறது; உறவுரிமை அன்பின் வழியே, அவர் முகம்கூட அறியாத லட்சக்கணக்கான ரசிகர்களைச் சேர்கிறது. புகழின் மறைவான விலை என்று பேசப்படும் கடன், தனிமை, மனஅழுத்தம், குலைந்த குடும்பம் முதலியவற்றைத் தனிமனிதப் பலவீனங்களாகவோ விதியின் விளையாட்டாகவோ கருதாமல், இந்த இரட்டை இழப்பின் விளைவுகளாகக் காண்பது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இதற்கு ஜொகூர் மாநிலத்தைப் பார்வைத் தளமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. மலாயாத் தீபகற்பத்தின் தென்முனையில் இருக்கும் இம்மாநிலம், பால்மரத் தோட்டங்களுக்காகக் குடியேறிய தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய் போன்ற ஊர்களைக் கொண்டது. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் படப்பிடிப்புக் கூடங்களும் ஒளிபரப்பு நிலையங்களும், வடக்கே கோலாலம்பூரின் தொலைக்காட்சி நிறுவனங்களும், கடல்கடந்து சென்னையின் திரையுலகும் உருவாக்கிய புகழை நெடுங்காலம் நுகர்ந்த மாநிலம் இது. பின்னர் அதுவே ஒரு புகழாளரை உருவாக்கி அனுப்பவும் செய்தது. ஆகவே புகழை ஆக்குவோர், அடைவோர், நுகர்வோர் என்னும் மூவரையும் ஒருசேரக் காண்பதற்கு ஏற்ற இடமாக அது அமைகிறது.

பால்மரமும் படப்பிடிப்புக் கூடமும்

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றால், பாலஸ்டியர் வட்டாரத்தில் ஜாலான் அம்பாஸ் என்ற தெரு வரும். ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் போருக்குப் பின் 1947 முதல் 1967 வரை அங்கேதான் படங்களைத் தயாரித்தது. அந்நிறுவனத்தின் தொடக்ககால இயக்குநர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பினாங்கில் 1929ஆம் ஆண்டு பிறந்த பி. ரம்லியை 1948இல் ‘சிந்தா’ என்ற படத்தின் வழியே திரைக்குக் கொண்டுவந்தவர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ், 1950இல் ‘பக்தி’ படத்தில் அவரைக் கதாநாயகனாக உயர்த்தியவர் தமிழரான எல். கிருஷ்ணன். நடிகர், பாடகர், இசையமைப்பாளர், இயக்குநர் எனப் பல துறைகளிலும் கைவைத்து, 66 படங்களிலும் ஏறத்தாழ 250 பாடல்களிலும் தம் முத்திரையைப் பதித்த ரம்லிக்கு நிகரான புகழை மலாய்த் திரையுலகில் வேறெவரும் பெறவில்லை.

ஆயினும் அக்கூடத்தின் பொருளாதாரம் ஜொகூர்த் தோட்டத் தொழிலாளிக்குப் புதிதாகத் தோன்றியிருக்காது. நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் மாதச் சம்பளக்காரர்கள். பலர் நிறுவனம் தந்த குடியிருப்புகளில், கூடத்துக்கு அருகிலேயே வாழ்ந்தார்கள். பால்வெட்டும் தொழிலாளி எத்தனை வாளி பால் எடுத்தாலும் மரம் அவருக்குச் சொந்தமாகாதது போல, எத்தனை பாடல்கள் ஊரெங்கும் ஒலித்தாலும் அவற்றின் உடைமை நிறுவனத்திடமே இருந்தது. இவ்வொப்புமை வெறும் அணி அன்று. இரு முறைகளிலும் உழைப்பவரின் வேலை, வீடு, எதிர்காலம் ஆகிய மூன்றும் ஒரே முதலாளியின் கையில் இருந்ததால், பேரம் பேசும் வலிமை உழைப்பவருக்குக் குறைவாகவே இருந்தது. 1954இல் ‘பெர்சாமா’ என்ற மலாயாக் கலைஞர் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றவர்களில் ரம்லியும் ஒருவர். 1957இல் கலைஞர்கள் சிலர் வேலைநீக்கம் செய்யப்பட்டதை எதிர்த்து அந்தக் கூடத்தில் வேலைநிறுத்தமே நடந்தது. திரையில் மக்களைச் சிரிக்கவைத்தவர்கள் கூலிக்காகப் பதாகை பிடித்து நிற்க வேண்டியிருந்ததை, புகழும் பிழைப்பும் வேறு வேறு என்பதற்கு அக்காலத்திலேயே கிடைத்த சான்றாகக் கொள்ளலாம்.

1964இல் ரம்லி கோலாலம்பூரின் மெர்டேக்கா படப்பிடிப்புக் கூடத்துக்கு இடம்பெயர்ந்தார். அதற்குச் சற்று முன், 1963 டிசம்பரில், மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியிருந்தது. இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட ‘கொன்ஃப்ரொந்தாசி’ என்னும் மோதலால் மலாய்ப் படங்களின் பெருஞ்சந்தை அடைபட்டது. புதிய கூடத்தின் வசதிகளோ பழைய கூடத்துக்கு ஈடாகவில்லை. மலாய் ஓவியர் ஒருவருக்கும் இந்தியப் பெண் ஒருவருக்கும் இடையிலான காதலைச் சொல்லும் ‘கெரிமிஸ்’ (1968) போன்ற துணிவான முயற்சிகள் இக்காலத்தவை என்றாலும், அவருடைய பிற்காலப் படங்கள் பழைய வரவேற்பைப் பெறவில்லை. 1972இல் வந்த ‘லக்சமானா டோ ரே மி’ கடைசிப் படமாயிற்று. 1973 மே 29ஆம் நாள் மாரடைப்பால் அவர் மறைந்தபோது வயது 44; கையில் பெரிதாகப் பொருள் எதுவும் இருக்கவில்லை. மலேசியாவில் இன்று நடைமுறையில் உள்ள காப்புரிமைச் சட்டம் 1987ஆம் ஆண்டில் வந்தது. ‘டான் ஸ்ரீ’ என்னும் உயர்விருது அவர் பெயருக்கு 1990இல் வழங்கப்பட்டது. சட்டமும் விருதும் வந்துசேர்ந்தபோது அவற்றைப் பெற வேண்டியவர் இல்லை. அவருடைய படங்களோ தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒரு மனிதரின் மறைவுக்குப் புகழையே காரணமாக்குவது ஆய்வு நெறியாகாது. ஆனால் பலரைக் கூட்டாக நோக்கும்போது சில போக்குகள் புலப்படுகின்றன. இங்கிலாந்தின் லிவர்பூலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்று, வட அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்ந்த 1,064 புகழ்பெற்ற ராக், பாப் இசைக் கலைஞர்களை எடுத்துக்கொண்டு, புகழ் கிட்டிய 3ஆம் ஆண்டிலிருந்து 25ஆம் ஆண்டு வரையிலான காலத்தில் அவர்களின் இறப்பு வீதம் பொதுமக்களுடையதைப் போல 1.7 மடங்குக்கும் மேலாக இருந்ததாகக் கண்டது. மேலைநாட்டு இசையுலகின் போதைப் பழக்கச் சூழலை மலாயாவின் மேல் அப்படியே ஏற்றிப் பார்க்க இயலாது. எனினும் புகழின் உச்சத்தைவிட அதைத் தொடர்ந்து வரும் ஆண்டுகளே உடலைக் கூடுதலாகச் சோதிக்கின்றன என்ற கருத்து இங்கும் எண்ணிப்பார்க்கத் தக்கது.

அந்தரங்கம் விலைப்பொருளான கதை

சட்ட உரிமையின் இழப்பை ரம்லியின் வாழ்க்கை காட்டுகிறதென்றால், உறவுரிமை விலைப்பொருளாக மாறியதைச் சென்னையின் பழைய வழக்கொன்று காட்டுகிறது. ஜொகூர் பாருவின் பழைய நகரப் பகுதியில் தமிழ்ப் படங்களைத் திரையிட்டு வந்த அரங்கின் பெயர் பிராட்வே; பாடகரும் நடிகருமான எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944இல் வெளியாகி மூன்று தீபாவளிகளைக் கண்ட சென்னை அரங்கின் பெயரும் அதுவே. பெயர் ஒற்றுமை தற்செயல்தான் என்றாலும், கடலின் இரு புறமும் இருந்த தமிழ்ப் பார்வையாளர்கள் ஒரே புகழுலகில் வாழ்ந்ததை அது நினைவூட்டுகிறது.

அதே ஆண்டில்தான் அப்புகழின் மறுபக்கமும் வெளிப்பட்டது. திரைக்கலைஞர்களின் சொந்த வாழ்க்கை பற்றிய கிசுகிசுக்களை அச்சிட்டு விற்ற ‘சினிமா தூது’ என்னும் இதழை நடத்திய லட்சுமிகாந்தன், பாகவதர் உள்ளிட்டோர் ஆளுநரிடம் முறையிட்டதன் பேரில் அதன் உரிமம் நீக்கப்பட்டதும், ‘இந்துநேசன்’ என்ற மற்றோர் இதழைக் கைக்கொண்டு அதே பணியைத் தொடர்ந்தார். அச்சிட்டு விற்பதில் மட்டுமன்றி, அச்சிடாமல் இருப்பதற்கும் விலை உண்டு என்பதே இத்தகைய இதழ்களின் வணிகச் சூத்திரம். 1944 நவம்பரில் அவர் தாக்கப்பட்டு இறந்ததைத் தொடர்ந்து பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், கீழ்மன்றத் தண்டனையும் மேல்முறையீடுகளும் கடந்து, இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை வழக்கு சென்று, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்களாக விடுவிக்கப்பட்டார்கள். விடுதலை கிடைத்ததே ஒழிய, சிறைக்கு முன் இருந்த இடம் பாகவதருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதன்பின் வந்த படங்கள் எடுபடாமல் போக, 1959 நவம்பர் 1ஆம் நாள் அவர் மறைந்தார்.

இவ்வழக்கைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் கொலையின் மர்மத்திலேயே நின்றுவிடுகின்றன. இங்கே கருதத்தக்கது வேறொன்று. அவ்விதழ்களைக் காசு கொடுத்து வாங்கிய வாசகர்கள் பாகவதரை வெறுத்தவர்கள் அல்லர். அவர் பாட்டை முணுமுணுத்த அதே மக்கள்தான். ‘நம்ம ஆள்’ என்று கருதப்படுபவரின் வீட்டுக்குள் நடப்பதையும் அறிந்துகொள்ளும் உரிமை தமக்கு உண்டு என்னும் எண்ணம், பக்திக்கும் வம்புக்கும் ஒரே வேராக இருந்தது. கிசுகிசு இதழ் அந்த வேரில் நீரூற்றிக் காசு பார்த்தது.

கூலாயிலிருந்து ஒரு குரல்

ஜொகூர் தன் சொந்தப் பிள்ளையைப் புகழுலகுக்கு அனுப்பிய நிகழ்வு 2005இல் நேர்ந்தது. கூலாய் மாவட்டத்தில் உள்ள பெல்டா தாயிப் அண்டாக், நிலமற்ற ஊரக மக்களுக்கு நிலம் பிரித்துக் கொடுக்க 1956இல் தொடங்கப்பட்ட பெல்டா என்னும் அரசு அமைப்பின் குடியேற்றங்களில் ஒன்று. அங்கிருந்து வந்த அஸ்மாவி பின் அனி, ‘மாவி’ என்ற பெயரில், ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி நிறுவனத்தின் ‘அகாடமி ஃபன்டாசியா’ போட்டியின் மூன்றாம் பருவத்தில் வெற்றி பெற்றார். மெக்சிகோ நாட்டு நிகழ்ச்சியொன்றைத் தழுவி 2003இல் மலேசியாவில் தொடங்கிய இப்போட்டியில், பங்கேற்பாளர்கள் வாரக்கணக்கில் ஒரே கட்டடத்தில் தங்கிப் பயிற்சி பெறுவார்கள். வாரந்தோறும் மேடையில் பாடுவார்கள். இடைப்பட்ட நாட்களில் அவர்கள் சாப்பிடுவதும் சண்டையிடுவதும் வீட்டை நினைத்து அழுவதும் ‘டைரி’ என்ற பெயரில் நாள்தோறும் ஒளிபரப்பாகும். யார் நீடிப்பது என்பதைப் பார்வையாளர்களின் குறுஞ்செய்தி வாக்குகள் முடிவு செய்யும்.

இந்த ஏற்பாட்டைச் சற்று அருகில் நின்று பார்த்தால் புகழின் கணக்கு தெளிவாகிறது. பழைய திரைப்படத்தில் நுழைவுச்சீட்டு வாங்கியவர் ஒரு கதைக்குக் காசு கொடுத்தார். நடிகரின் கண்ணீர் கதையின் பகுதியாக இருந்தது. ‘டைரி’யில் கதை இல்லை, கண்ணீரே சரக்கு. ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் கட்டணம் உண்டு. அது தொலைபேசி நிறுவனத்துக்கும் ஒளிபரப்பு வணிகத்துக்கும் வருவாய். ஆனால் வாக்களித்தவர் மனத்தில் அது மொய்ப்பணம் போலப் பதிகிறது: ‘நாங்கள் எழுதிய மொய்யில் வளர்ந்த பிள்ளை’. மொய் எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு உரிமையோடு வருவதுபோல, வாக்களித்தவரும் வெற்றியாளரின் சொந்த வாழ்க்கைக்குள் உரிமையோடு நுழைகிறார். போட்டிக்கு முன்பே மாவிக்கு ஊரில் நிச்சயிக்கப்பட்டிருந்த திருமணம் 2006இல் முறிந்தபோது, இரு குடும்பங்களுக்குள் பேசி முடித்திருக்க வேண்டிய அச்செய்தி மலாய்ப் பத்திரிகைகளில் நெடுநாள் விவாதப் பொருளாயிற்று. அவர் செய்தது சரியா தவறா என்று நாடே பிரிந்து நின்று பேசியது. மேடையையோ புகழையோ நாடாத அந்தப் பெண்ணும் விவாதத்துக்குள் இழுக்கப்பட்டார் என்பதுதான் இதில் மறைந்து கிடக்கும் செலவு. புகழ் ஒருவருக்கு வருகிறது. அதன் விலையை அவர் அருகில் இருப்பவர்களும் கட்ட நேர்கிறது.

அமெரிக்க ஆய்வாளர்களான டொனால்டு ஹார்ட்டனும் ரிச்சர்டு வோலும் தொலைக்காட்சியின் தொடக்கக் காலமான 1956இலேயே இவ்வகை உறவை இனங்கண்டு பெயரிட்டார்கள். தமிழில் அதை ‘ஒருதலை நெருக்கம்’ எனலாம். திரையில் தோன்றுபவர் தம்மை நோக்கிப் பேசுவதாகவே பார்வையாளர் உணர்கிறார். நாளடைவில் அவருடைய பழக்கவழக்கங்களை நண்பருடையவைபோல அறிந்துகொள்கிறார். திரையில் இருப்பவருக்கோ இவர் யாரென்றே தெரியாது. தனித்து வாழும் ஒருவருக்கு இந்நெருக்கம் ஆறுதலாகவும் அமையும் என்பதால் அதை நோயாகக் கருத வேண்டியதில்லை. சிக்கல் தொடங்குவது, ஒருதலையான நெருக்கத்திலிருந்து இருதலையான கடமை எதிர்பார்க்கப்படும் இடத்தில்தான்.

கண்ணேறும் கைப்பேசியும்

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது தமிழர் வழக்கு. பலர் பார்வையில் படுவதே கேடு என்னும் இந்நம்பிக்கையை மூடத்தனமென்று தள்ளிவிடலாம். ஆனால் இடைவிடாமல் பார்க்கப்படுவது மனிதரைத் தேய்க்கும் என்ற பட்டறிவும் அதற்குள் இருக்கிறது. சமூக ஊடகங்கள் அந்தக் கண்களுக்கு வாயையும் கொடுத்துவிட்டன. நிறுவனம், மேலாளர், செய்தித்தொடர்பாளர் என்ற அரண்கள் எதுவும் இல்லாமல், கைப்பேசியை மட்டும் வைத்துக்கொண்டு புகழ்பெறுவோரின் படுக்கையறை வரை வசவுகள் நேரே வந்து சேர்கின்றன.

மலேசியத் தமிழ்ச் சமூகத்தில் ‘ஈஷா’ என்ற பெயரில் டிக்டாக் வழி அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாஹு, 2024 ஜூலை 5ஆம் நாள் கோலாலம்பூரில் உயிரிழந்தார். இணையத்தில் தமக்கு வந்துகொண்டிருந்த மிரட்டல்கள் பற்றி அவர் முன்னதாகவே காவல்துறையில் புகார் அளித்திருந்தார். அவர் மறைவைத் தொடர்ந்து குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவருக்கு, 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின்கீழ் நூறு ரிங்கிட் அபராதமே விதிக்க முடிந்தது. அச்சட்டம் அனுமதித்த உச்ச அளவே அதுதான். ஓர் உயிருக்கு எதிரே அந்த நூறு வெள்ளியை வைத்துப் பார்த்த மக்களிடம் எழுந்த கொதிப்பு, சட்டத் திருத்தத்துக்கு வழி கோலியது. 2024 டிசம்பரில் நாடாளுமன்ற மக்களவை குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரையிலான புதிய பிரிவுகளைச் சேர்த்து, மிரட்டல், இழிவுபடுத்தல், பிறரின் தனிவிவரங்களைத் தீய நோக்குடன் வெளியிடுதல் ஆகியவற்றைக் குற்றமாக்கியது. 2025 ஜூலையில் அவை நடைமுறைக்கு வந்தன.

இங்கே உறவுரிமையின் இருண்ட வடிவம் தென்படுகிறது. சிறிய சமூகத்தில் வசைபாடுபவரும் வசைபாடப்படுபவரும் ஒரே மொழி பேசுகிறார்கள். ஒரே கோயில் திருவிழாவுக்கும் போகக்கூடியவர்கள். குடும்பம், சாதி, ஒழுக்கம் என்று எந்த இடத்தில் குத்தினால் வலிக்கும் என்பது அந்நியருக்குத் தெரியாது, நம்மவருக்குத் தெரியும்.

சிறிய சந்தை, முழு விலை

மலேசியத் தமிழ்க் கலைஞர்களுக்கு இதில் தனிச்சுமை ஒன்று உண்டு. நாட்டின் இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 20 லட்சம் பேர். சென்னையிலிருந்து வரும் படங்களும் பாடல்களும் அச்சந்தையின் பெரும்பகுதியை நிரப்பிவிடுகின்றன. ஆகவே உள்ளூர்ப் பாடகரோ நடிகரோ வேறொரு வேலையில் இருந்துகொண்டே கலைத்தொழிலைத் தொடர்வது இயல்பாகிவிட்டது. பெருநகர நட்சத்திரத்துக்குப் புகழோடு கண்ணாடி ஏற்றிய காரும் காவலரும் சேர்ந்து வருகின்றன. ஜொகூர் பாருவின் மாசாய் வட்டாரத்திலோ ஸ்கூடாயிலோ குடியிருக்கும் உள்ளூர்க் கலைஞருக்கு முகம் மட்டும் தெரிந்துவிடுகிறது. அவர் அதே சந்தையில் மீன் வாங்கவும், அதே பள்ளி வாசலில் பிள்ளைக்குக் காத்திருக்கவும் வேண்டும்.

எப்போதும் இன்முகம் காட்ட வேண்டிய இந்நிலையைச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்டு 1983இல் ‘உணர்ச்சி உழைப்பு’ என்று வரையறுத்தார். ஊதியத்துக்காகத் தம் உண்மை உணர்வை அடக்கி, வேலை கோரும் உணர்வை முகத்தில் வரவழைப்பது என்பது அதன் பொருள். அவர் ஆராய்ந்தது விமானப் பணிப்பெண்களை. அவர்களுக்கு விமானம் தரையிறங்கியதும் அவ்வுழைப்பு முடிந்துவிடும். சிறிய ஊரின் கலைஞருக்கு அது முடிவதே இல்லை. அதற்குத் தனியாக ஊதியமும் இல்லை. 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து மேடைகள் அடைபட்டபோதும், 2022 ஏப்ரலில் தரைவழி எல்லை முழுமையாகத் திறக்கும் வரை சிங்கப்பூர் நிகழ்ச்சிகள் கைநழுவியபோதும், இந்தக் கணக்கின் வரவு மட்டும் நின்றுவிட, செலவு தொடர்ந்தது. சுயதொழில் செய்வோருக்கான 2017ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பிற்பாடு கலைத்துறையினருக்கும் விரிவாக்கப்பட்டது நல்ல தொடக்கம்; ஆயினும் அது வேலையில் நேரும் விபத்துக்கானதே அன்றி, வேலை இல்லாத நாளுக்கானதோ தேய்ந்த மனத்துக்கானதோ அன்று.

சீர் செய்யாத மாமன்

திருக்குறளின் இல்லறவியல் ‘புகழ்’ என்னும் அதிகாரத்தோடு நிறைவடைகிறது. அதற்கு முந்தைய அதிகாரம் ‘ஈகை’. கொடுப்பதைத் தொடர்ந்து வருவது புகழ் என்ற இவ்வைப்புமுறை, புகழாளரை வழங்குபவராகக் காண்கிறது. ரம்லி பாட்டையும், பாகவதர் குரலையும், மாவி தம் இளமையையும், ஈஷா தம் அன்றாடத்தையும் வழங்கினார்கள். வழங்கியவருக்குப் பெற்றுக்கொண்டவர் பட்டிருக்கும் கடன் என்ன என்ற கேள்வியே இத்துறையில் கேட்கப்படாமல் கிடக்கிறது.

அதற்கான விடை தமிழ் உறவுமுறைக்குள்ளேயே இருக்கிறது. மருமகளைக் கண்டிக்கும் தாய்மாமனின் உரிமை இலவசமாக வந்ததன்று. காது குத்துக்கு மடி தருவதும், பூப்பெய்திய நாளில் பச்சை ஓலை கட்டுவதும், திருமணத்துக்குத் தட்டு எடுத்து வருவதும், அவள் வாழ்க்கை இடறும்போது வாசலில் வந்து நிற்பதும் ஆகிய கடமைகளைச் செய்பவருக்கே அவ்வுரிமை செல்லும். சீர் செய்யாத மாமனின் அறிவுரையை எந்த வீடும் கேட்பதில்லை. ரசிகர் கூட்டம் உறவின் உரிமையை எடுத்துக்கொண்டு, உறவின் கடனை மட்டும் விட்டுவிட்டது. நிறுவனமோ அந்த உறவை விற்றுப் பெற்ற வருவாயில், அதை உண்டாக்கியவருக்கு உரிய பங்கைப் பல காலம் தரவில்லை. பாடியவருக்கு ஒவ்வொரு ஒலிபரப்புக்கும் உரிமத்தொகை சேர்வதை உறுதிசெய்யும் ஒப்பந்தம், போட்டி முடிந்த பின்னும் சில ஆண்டுகளுக்குத் தொடரும் மனநல ஆதரவு, புகழ் நாடாத குடும்பத்தாரின் பெயரை அச்சில் ஏற்றாத பத்திரிகைக் கட்டுப்பாடு ஆகியவை இந்தச் சீரின் இக்கால வடிவங்கள். 507பி முதலான புதிய பிரிவுகள் வசவுக்குத் தண்டனை தரும். சீருக்கு அவை மாற்றாகா. சட்டம் எட்டாத இடத்தில், கடை வாசலில் கலைஞர் ஒருவரைக் கண்டதும் கைப்பேசியை உயர்த்தாமல் தலையசைத்து வழிவிடும் ஜொகூர்வாசி, தம் பங்குச் சீரைக் கொடுத்துவிடுகிறார்.